மேடம் நட்ட நட்சத்திரம்

மலை மேல் ஒரு தொலைநோக்கி இருந்தது. அதை நம்பி ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். இருவரில் சீடருக்குத்தான் வயது அதிகம்.

குருவின் பெயர் நப்பின்னை. மன்னார்குடிக்காரர். வெடிக்கும் நட்சத்திரங்களைத் தேடுவதும் படிப்பதும் அவர் வேலை. சீடர் மரியசூசை, கருங்கல் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் இயற்பியல் வாத்தியாராக இருந்துவிட்டு, தலை நரைத்த பிறகு ஆய்வுப் பட்டத்துக்கு வந்தவர். அவர் குருவை மேடம் என்பார். குரு அவரை சார் என்பார். மலையில் யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

வந்த புதிதில் சூசை கேட்டார்.

"மேடம், ஒரு நட்சத்திரம் வெடிச்சா மாசக்கணக்கா எரியுதே. பிறகு எதுக்கு எல்லாரும் மொத நாளே பாக்கணும்னு பறக்காங்க?"

"துக்க வீட்டுக்குப் போயிருக்கீங்களா, சார்?"

"போகாம?"

"மொத நாள் போனா என்ன சொல்லுவாங்க?"

"எப்படிச் செத்தாருன்னு சொல்லுவாங்க. நெஞ்சு வலிக்குன்னாரு, தண்ணி கேட்டாரு, அந்த மாதிரி."

"எங்க ஊர்ல பதினாறாம் நாள் காரியம் பண்ணுவோம். அன்னிக்குப் போனா?"

சூசை சிரித்தார். "சாப்பாடு போடுவாங்க."

"அவ்வளவுதான்" என்றார் நப்பின்னை.

சூசைக்கு விளங்கியது. பெரிய நட்சத்திரம் எப்படிச் செத்தது என்ற சேதி அதன் முதல் ஓரிரு நாள் ஒளியில்தான் இருக்கிறது. பிறகு வெளிச்சம் நிறைய இருக்கும், சேதி இருக்காது. அப்படி ஒரு வெடிப்பை, அந்த முதல் ஓரிரு நாளுக்குள், உலகத்தில் வேறு யாரும் பார்ப்பதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். அவருடைய ஆய்வேடே அதை நம்பித்தான் இருந்தது. பள்ளிக்கூடம் கொடுத்த விடுப்பு மே மாதத்தோடு முடிகிறது. வெறுங்கையோடு திரும்பினால், 'வானத்துக்கு ஏணி வெச்ச வாத்தியார் வந்துட்டார்' என்று சொல்லத் தலைமையாசிரியர் தயாராக இருந்தார்.

தேடும் முறை எளிமையானது. தொலைநோக்கி எடுத்த புதிய படத்திலிருந்து அதே இடத்தின் பழைய படத்தைக் கம்ப்யூட்டர் கழித்துவிடும். மிஞ்சுவது புதிதாக வந்த புள்ளி. அதில் பெரும்பாலும் குப்பை. குப்பையையும் நட்சத்திரத்தையும் பிரிக்க ஒரு மனிதக் கண் வேண்டும். பகலில் உட்கார்ந்து பார்ப்பது சூசையின் வேலை. புள்ளி இருக்கிறது என்று மட்டும்தான் அந்தப் படம் சொல்லும்; அதன் சேதியைப் படிக்க, இருட்டியதும் தொலைநோக்கியை மறுபடி அதற்கே திருப்பி ஒளியைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்த வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. மலையில் அதற்கு நடவு என்று பெயர்.

பார்க்கிறவருக்குத் தெரியாமல் இன்னொருவர் படத்துக்குள் ஒரு பொய்ப் புள்ளியை வைத்துவிடுவார். நிஜ வெடிப்பு எப்படி இருக்குமோ அச்சு அசல் அப்படியே இருக்கும். நட்டதில் எத்தனையைப் பார்க்கிறவர் கண்டுபிடித்தார், எத்தனையைத் தவறவிட்டார் என்று மாதக் கடைசியில் சொல்வார்கள். நிஜத்தில் எத்தனை தவறுகிறது என்பதை அதை வைத்துத்தான் கணிக்க முடியும். உலகம் முழுக்க இப்படிச் செய்கிறார்கள், இதில் கள்ளம் ஒன்றும் இல்லை.

நட்டவரிடம் போய் 'நட்டீங்களா' என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார். நட்டிருந்தாலும் இல்லை, நடாவிட்டாலும் இல்லை. இதையும் நப்பின்னை முதல் நாளே சொல்லியிருந்தார். சூசை தலையை ஆட்டிக்கொண்டார். வாத்தியார்கள் அடுத்தவர் சொல்வதைக் கேட்கும்போது அப்படித்தான் ஆட்டுவார்கள்.

முதல் மாதமே ஒரு புள்ளி கிடைத்தது. பளிச்சென்று, கண்ணில் அறைவது போல. சூசை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். மனைவிக்குப் போன் போட்டார்.

"ரெஜினா, கெடச்சாச்சு!"

"நெசமாவா?"

"கண்ணால பாத்தேன்ல!"

கேன்டீனுக்குப் போய் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார். தொலைநோக்கியை இயக்கும் வாணியம்பாடி தஸ்தகீர் இரண்டு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் அதே இடத்துக்குத் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

"மேடம் நட்டது போலிருக்கு சார்" என்றார் தஸ்தகீர். இனிப்பு இன்னும் வாயில் இருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சூசைக்கு அந்தச் சிரிப்பு தைத்துவிட்டது. மனைவிக்குத் திரும்பப் போன் போட அவருக்கு நாள் பிடித்தது.

அதற்குப் பிறகு அவர் மாறிப்போனார்.

புள்ளியைப் பார்த்ததும் 'இது நட்சத்திரமா?' என்று கேட்பதை விட்டார். 'இது மேடம் கையா?' என்று கேட்க ஆரம்பித்தார். நப்பின்னை எப்போது கம்ப்யூட்டர் அறைக்குப் போகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார், வெளியே வரும்போது முகம் எப்படி இருக்கிறது என்று கவனித்தார். அவர் எழுந்துபோன நாற்காலியில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்றுகூடப் பார்த்தார். படித்த மனிதர், என்ன செய்வது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

சொல்லப்போனால், அவர் அதில் கெட்டிக்காரராகவும் ஆகிவிட்டார். மேடத்துக்குச் சுருள் வடிவ நட்சத்திரக் கூட்டங்கள் பிடிக்கும். சுருளின் ஓரத்தில், பார்க்க அழகான இடத்தில்தான் நடுவார். நடுப்பகுதிக் கிட்டே போகவே மாட்டார். நட்ட நாளில் டீ குடிக்கும்போது ஏனோ ஜன்னல் பக்கம் திரும்பி நிற்பார். இப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார். சந்தேகப்பட்ட புள்ளிகளை 'மேடம் கை' என்று ஒதுக்கிவிடுவார். அவற்றுக்குத் தொலைநோக்கியைத் திருப்பச் சொல்லமாட்டார். அதன் நேரத்தை மிச்சப்படுத்துவதாக அவருக்குப் பெருமை.

மாதக் கடைசியில் நப்பின்னை சொன்னார்.

"நான் நட்டதை எல்லாம் சரியா ஒதுக்கியிருக்கீங்க, சார்."

"இப்பம் உங்களால என்னை ஏமாத்த முடியாது, மேடம்."

"போன வாரம் ஒண்ணு ஒதுக்கினீங்களே, அது எந்த மாதிரி கேலக்ஸி?"

சூசை யோசித்தார். அன்று மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது ஞாபகம் இருந்தது. டீயை ஆறவிட்டது ஞாபகம் இருந்தது.

"சட்டுன்னு ஞாபகம் வரலை" என்றார்.

எழுந்து போகப் பார்த்த நப்பின்னையைச் சூசைதான் நிறுத்தினார். அவருக்குள் எத்தனையோ நாளாகக் கிடந்த கேள்வி அது.

"மேடம், நான் ஒண்ணு கேக்கேன். எதிர்ல நிக்கிற ஆள் சொல்றது நெசமா பொய்யான்னு முழுசா எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"நாளையிலேருந்து நடவு உங்களுது, சார். நான் பாக்கறேன்."

இது பதிலா தண்டனையா என்று சூசைக்குத் தெரியவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் குதூகலம். பட்ட அவமானத்தை வட்டியோடு திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எங்கே கிடைக்கும்?

அவர் நட்ட நடவு சாமானியமானது அல்ல. மங்கலான கூட்டங்களில் நட்டார். நடுப்பகுதிக்குப் பக்கத்தில், ஒளியோடு ஒளியாகக் கலக்கும் இடத்தில் நட்டார். குப்பை மாதிரித் தெரியும் நட்சத்திரமும், நட்சத்திரம் மாதிரித் தெரியும் குப்பையும் செய்து வைத்தார்.

நப்பின்னை வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தார். சூசையின் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. சூசை முகத்தைப் பாறையாக வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றது வீண்.

"தஸ்தகீர், இதுக்குத் திருப்புங்க" என்றார். இன்னொன்றைக் காட்டி, "இதுக்கும்."

இருட்டுகிற நேரத்துக்குத் தொலைநோக்கி திரும்பியது. தஸ்தகீரின் திரையில் தெரிவது வானம் மட்டும்தான். கம்ப்யூட்டருக்குள் யாரும் எதை வேண்டுமானாலும் நடலாம், வானத்தில் நட முடியாது. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அடுத்த இடத்திலும் இல்லை.

"இல்லை" என்றார் நப்பின்னை.

"ரெண்டும் நான் நட்டது, மேடம்!"

"அப்படியா? நல்லா நட்டிருக்கீங்க. ஏமாந்துட்டேன்."

மறுநாளும் ஏமாந்தார். அதற்கடுத்த நாளும் ஏமாந்தார். வாரம் முழுக்க அப்படியே போயிற்று. ஏமாந்தேன் என்று அவர் சொல்லும்போது, பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி இருக்கும். அதில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை.

சூசைக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"என்ன தஸ்தகீர், இவ்வளவு பெரிய ஆளு. பாத்ததும் பொய்யின்னு தெரிய வேண்டாமா? எல்லாத்துக்கும் திருப்பு, திருப்புன்னா?"

"அவங்க எப்பவுமே அப்படித்தான் சார்" என்றார் தஸ்தகீர். "எனக்கு வேலை, நான் திருப்பறேன்."

அப்புறம் ஒருநாள் நப்பின்னைக்குப் பெங்களூரில் ஒரு கூட்டம் வந்தது. திரும்பி வர நாலைந்து நாளாகும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சூசையிடம் வந்தார்.

"நான் வர்ற வரைக்கும் நீங்களே பாருங்க, சார்."

"சரி, மேடம்."

போகிற வழியில் அவர் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்து வெளியே வந்தார். சூசை அதைப் பார்த்தார். ஜீப் மலையிறங்கிய சத்தம் அடங்கியதும் போய் நாற்காலியில் கை வைத்தார். சூடாக இருந்தது.

அன்றைய படங்களில் இரண்டு புள்ளிகள் இருந்தன. இரண்டும் அவர் நடாதவை.

ஒன்று மங்கல். ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் நடுப்பகுதியை ஒட்டி, பிசிறடித்துக்கொண்டு, இருக்கிறதா இல்லையா என்பது போல. இன்னொன்று அழகாக இருந்தது. சுருள் வடிவக் கூட்டம், சுருளின் ஓரத்தில் சின்னதாக, சுத்தமாக, வைத்தது வைத்தபடி ஒரு வெளிச்சம்.

சூசைக்குச் சிரிப்பு வந்தது. இந்த அழகான புள்ளியில் மேடத்தின் கையெழுத்தே இருந்தது. போகிற போக்கில் ஒரு கண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மங்கலானது வேறு விஷயம். மேடம் அங்கெல்லாம் நடவே மாட்டார். மே மாதத்துக்கு முன்னால் கடவுள் கண்ணைத் திறந்துவிட்டாரா?

ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று போன் போட்டார்.

"மேடம், காலையில கம்ப்யூட்டர் அறைக்குப் போனீங்கள்லா?"

"போனேன். சார்ஜரை அங்க வெச்சு மறந்துட்டேன், எடுக்கப் போனேன்."

"ஏதாவது நட்டீங்களா?"

"இல்லை."

சட்டென்று வந்தது அந்த இல்லை. யோசிக்காமல் வந்த மாதிரியும் இருந்தது, யோசித்து வைத்திருந்த மாதிரியும் இருந்தது.

"ஏன் சார், ஏதாவது தெரியுதா?"

"ரெண்டு தெரியுது."

"ரெண்டுக்கும் திருப்பிப் பாத்துடுங்க."

போனை வைத்த பிறகு சூசை அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்தார். ரெண்டுக்கும். ஏன் ரெண்டுக்கும் என்று அவ்வளவு அவசரமாகச் சொன்னார்?

சாயங்காலம் தஸ்தகீரிடம் மங்கலான புள்ளியின் இடத்தைச் சொன்னார். ஜெபம் செய்வது போலக் கையைக் கோத்துக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தார். படம் வந்தது.

அங்கே ஒன்றும் இல்லை.

"இன்னொரு தரம் எடுங்க, தஸ்தகீர்."

எடுத்தார். கூட்டம் இருந்தது. கூட்டத்தின் நடு இருந்தது. புள்ளி மட்டும் இல்லை.

சூசை மெதுவாகப் பின்னால் சாய்ந்தார். எங்கிருந்தோ ஒரு சந்தோஷம் வந்தது. அது அடக்க முடியாத சந்தோஷமாக இருந்தது.

"பாத்தீங்களா தஸ்தகீர்? அவங்க நட்டது! நான் கேட்டேன். இல்லைன்னாங்க. என் பாணியிலயே நட்டு என்னையே மடக்கப் பாத்திருக்காங்க. பொய்! பச்சைப் பொய்!"

"இருக்கும் சார். இன்னொண்ணு இருக்குதுன்னீங்களே, அதுக்குத் திருப்பட்டுமா?"

"அதுவா? அது அவங்க வழக்கமான நடவு. இதுலயே பொய் சொன்னவங்க அதுல மட்டும் நெசம் சொல்லுவாங்களா?"

"பக்கத்துலதான் சார் இருக்குது. இன்னா, ஒரு டீ குடிக்கிற நேரம்."

சூசை தஸ்தகீரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு அக்கறை? மேடம் இவரிடமும் சொல்லிவிட்டுப் போயிருப்பாரோ? நாளைக்குக் கேன்டீனில் இன்னொரு சிரிப்புக்கு ஏற்பாடோ?

"வேண்டாம்" என்றார். "அவங்க நடுறதுக்கெல்லாம் நான் தொலைநோக்கியைத் தூக்கிட்டு அலைய முடியாது. நீங்க அடுத்த வேலையைப் பாருங்க."

தஸ்தகீர் அடுத்த வேலையைப் பார்த்தார்.

அன்று சூசை வயிறு நிறையச் சாப்பிட்டார். முதல் மாதத்துப் பால்கோவாவின் கசப்பு அன்றுதான் நாக்கை விட்டுப் போனது போல இருந்தது. அவரைக் கேட்டால், அந்த மலைக்கு வந்ததிலிருந்து அதுவே நல்ல நாள் என்று சொல்லியிருப்பார்.

மறுநாள் மலையை மேகம் மூடிக்கொண்டது. கோடை மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. தொலைநோக்கிக் கூடத்தின் கூரை திறக்கவே இல்லை.

மழை விடுவதற்கு முன்னால் சேதி வந்துவிட்டது. பூமியின் மறுபக்கத்தில் ஒரு குழுவினர் அறிவித்திருந்தார்கள். ஒரு சுருள் வடிவக் கூட்டத்தில், சுருளின் ஓரத்தில், ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்திருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு வெடிப்பு பல வருடங்களாக வரவில்லையாம். முதல் நாள் ஒளி மட்டும் யாருக்கும் கிடைக்கவில்லை, தங்களுக்கு முன்னால் யாராவது பார்த்திருந்தால் தெரிவிக்கவும் என்று கேட்டிருந்தார்கள்.

சூசை அந்த இடத்தின் எண்களைப் பார்த்தார். அன்று தான் ஒதுக்கிய புள்ளியின் படத்தைத் திறந்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் மழையில் நின்றார். தஸ்தகீர் குடையை எடுத்துக்கொண்டு வந்தார். சூசை வாங்கிக்கொள்ளவில்லை.

ரெஜினா போன் பண்ணினாள். "டிவியில ஏதோ நட்சத்திரம் வெடிச்சுன்னு சொன்னான். நீங்க பாத்ததா?"

"பாத்தேன்" என்றார் சூசை. போனை வைத்துவிட்டார்.

நப்பின்னை திரும்பி வந்த அன்று மழை விட்டு வானம் வெறித்திருந்தது. சூசை அவருடைய அறை வாசலிலேயே காத்திருந்தார். பையைக் கீழே வைக்கக்கூட விடவில்லை.

"நீங்க நட்டீங்க, மேடம்."

"நட்டேன்."

"நடவு என்னோடதுன்னு சொன்னீங்க."

"பாக்கறவர் நடக் கூடாது, சார். அன்னிக்குப் பாத்தது நீங்க. அப்ப நடறதுக்கு வேற யாரு இருக்கா?"

"நான் கேட்டேன். இல்லைன்னு சொன்னீங்க."

"சொன்னேன். கேட்டா அப்படித்தான் சொல்லுவேன்னு மொத நாளே சொல்லியிருக்கேன்."

சூசைக்கு வாத்தியார் குரல் வந்துவிட்டது. "அப்பம் நான் சந்தேகப்பட்டதுல என்ன தப்பு? சொல்லுங்க. நீங்க நட்டிருக்கீங்கன்னு சந்தேகப்பட்டேன். நட்டிருந்தீங்க. பொய் சொல்றீங்கன்னு சந்தேகப்பட்டேன். சொல்லியிருந்தீங்க. எதுல தப்புப் பண்ணினேன் நான்?"

"எதுலயும் இல்லை, சார். என்னைச் சரியாத்தான் பிடிச்சீங்க."

இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு வந்தவரின் கையிலிருந்து தடியைப் பிடுங்காமல், உட்காருங்கள் என்று நாற்காலி போட்டது போல ஆயிற்று.

"எனக்கு மே மாசத்தோட லீவு முடியுது, மேடம்" என்றார்.

"தெரியும்."

"இனி இப்படி ஒண்ணு எப்பம் வரும்?"

"தெரியாது."

நப்பின்னை பையை மேசை மேல் வைத்தார். "வாங்க" என்றார்.

இருவரும் கூடத்துக்கு ஏறினார்கள். மேற்கே வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. தஸ்தகீர் எழுந்து நின்றார்.

"அந்தச் சுருள் கேலக்ஸிக்குத் திருப்புங்க" என்றார் நப்பின்னை.

தொலைநோக்கி முனகிக்கொண்டு திரும்பியது. மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

படம் வந்தது. சுருளின் ஓரத்தில் அது இருந்தது. இப்போது அன்று பார்த்ததைவிடப் பல மடங்கு வெளிச்சம். பக்கத்திலிருந்த கோடி நட்சத்திரங்களும் அதற்கு முன்னால் மங்கிக் கிடந்தன. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

"காரியச் சாப்பாட்டுக்கு வந்திருக்கோம்" என்றார் சூசை. யாரும் சிரிக்கவில்லை.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பிடிவாதம் விடாத சிறுபிள்ளையைப் போல மறுபடியும் சொன்னார்.

"ஆனாலும் நீங்க பொய்தானே சொன்னீங்க, மேடம்."

"ஆமா" என்றார் நப்பின்னை. "நான் பொய் சொன்னா, அது வெடிக்காம இருந்துடுமா, சார்?"